காடைக் கூட்டம் என்று சொன்னவள்

வீட்டு ஓனர் ஆத்தப்பன் காலையிலேயே காடைக் கூட்டத்துக் கோயிலுக்குக் கிளம்பிப் போயிருக்கிறாராம், தேங்காய் பழத் தட்டோடு போயிருக்கிறாராம். இதைச் சொன்னவள் அவர் வீட்டில் பாத்திரம் தேய்க்கிற பாண்டியம்மாள். அவள் போனில் சொன்னதைக் கேட்டுவந்து, பனியன் கம்பெனியின் செக்கிங் டேபிளில் நிர்மலாவின் காதில் போட்டவள் கோமளா.

“உங்க ஊட்டு ஓனரு பையனுக்கு உங்க ஆஷாவைக் கேக்கப் போறாங்களாமா அக்கா. அதுக்கு முன்னாடி கோயில்ல உங்க வம்சத்தை ஒரு வார்த்தை விசாரிச்சுட்டு வரலாம்னு போயிருக்காராம். எங்ககிட்ட மூச்சு உட்டீங்களா? கமுக்கமா இருந்துட்டீங்களே!”

நிர்மலாவின் கையில் பிசிறு வெட்டும் கத்தரி இருந்தது. அது பிசிறை விட்டுவிட்டுப் பனியனை வெட்டியது. டெய்லர் பக்கத்தில் துணி மடித்துக் கொடுக்கிற சின்னப் பெண்ணாகச் சேர்ந்து, இன்று அந்த டேபிளுக்கே பொறுப்பாக இருப்பவள். இத்தனை காலத்தில் அவள் கையால் ஒரு துணி ஓட்டையானதில்லை.

“சந்தோசத்துல துணியவே வெட்டிப்புட்டீங்க பாருங்க!” என்றாள் கோமளா.

“ஆமா கண்ணு,” என்றாள் நிர்மலா.

அந்தக் கோயிலில் அவளை யாருக்கும் தெரியாது. அவள் காடைக் கூட்டம் இல்லை. எந்தக் கூட்டமும் இல்லை.

அவள் பிறந்தது பொங்கலூர்ப் பக்கம், தோட்டங்களைத் தாண்டித் தனியாகக் கிடக்கும் காலனியில். அங்கே சர்ச் இருந்தது, பேர் வைக்கப் பாதிரியார் இருந்தார். கூட்டப் பேர் கிடையாது. இன்னார் தோட்டத்து ஆள் என்பதுதான் அவள் அப்பனுக்கு இருந்த வம்சப் பேர். திருப்பூருக்கு வந்த பிறகு தோட்டம் போய்க் கம்பெனி வந்தது. மெஷின் மெக்கானிக் டேனியலைக் கட்டிய பிறகும் அவள் இன்ன கம்பெனி நிர்மலாதான். அதுவே போதுமாக இருந்தது, வாடகைக்கு வீடு தேடுகிற வரைக்கும்.

அவிநாசியில் வீடு கேட்டுப் போனால் யாரும் சாதி கேட்கமாட்டார்கள். மரியாதை தெரிந்தவர்கள். “நீங்க என்ன கூட்டமுங்க?” என்பார்கள். கூட்டம் என்பது அவர்கள் சாதிக்குள் இருக்கிற குலம்; பதில் தெரியாமல் முழித்தால் அந்தச் சாதி இல்லை, அவ்வளவுதான். “எங்க சித்தப்பா பையன் குடிவர்றானுங்க, மறந்தே போயிட்டேன் பாருங்க” என்பார்கள். சித்தப்பா பையன்களுக்காக ஊரில் பாதி வீடு காலியாகக் கிடந்தது.

ஆத்தப்பன் வீட்டு வாசலில் அவர் மனைவி சாரதாமணி அதே கேள்வியைக் கேட்டபோது டேனியல் கூட இல்லை. நிர்மலாவின் கண்முன்னால் அவள் முதலாளி காரின் பின்கண்ணாடி வந்து நின்றது. தினமும் பார்க்கிற ஸ்டிக்கர், அவர் கூட்டப் பேரோடு.

“காடைங்க,” என்றாள்.

சாரதாமணிக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. “அட, நாங்க ஆந்தைங்க! மாமன் மச்சான் மொறையாயிட்டீங்களே. உள்ள வாங்கம்மிணி, காப்பி குடிச்சுட்டுப் போலாம்.”

விஷயத்தைக் கேட்ட டேனியல் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். “அப்ப என் பேரு?”

“உங்கப்பா பேரைச் சொல்லீட்டேன். தங்கவேலு.”

“செத்துப்போன மனுசனுக்கு வாடகை வீடு புடிச்சிருக்கற.”

அன்றிலிருந்து ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்குப் போவது ஓவர்டைம் ஆனது. “இந்த வாரமுமா?” என்பாள் சாரதாமணி. “ஷிப்மென்ட்டுங்க அக்கா.” செயினில் தொங்கிய சிலுவை டேனியலின் பர்ஸுக்குள் போனது. ஒருநாள் அவன் ஆசைப்பட்டுக் காடை வறுவல் வாங்கிவர, குப்பைவாளியில் கிடந்த எலும்பைச் சாரதாமணி பார்த்துவிட்டாள். “ஏனம்மிணி, காடைக் கூட்டத்துக்காரங்க காடை திங்கறதா? எங்க பெரியம்மா அந்தக் கூட்டத்துல வாக்கப்பட்டவங்க, கையில கூடத் தொட மாட்டாங்க!” சிரித்துக்கொண்டுதான் கேட்டாள். “இந்தக் காலத்து ஆம்பளைங்க எங்கீங்க கேக்கறாங்க?” என்று நிர்மலாவும் சிரித்தாள். மாடியில் தங்கள் போர்ஷனுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் மூச்சு வந்தது.

ஆனால் அதெல்லாம் வீடு போய்விடுமே என்கிற பயம். வேறொன்றை அவள் யோசிக்கவே இல்லை. ஒரே கூட்டமென்றால் பங்காளி, பிள்ளைகள் அண்ணன் தங்கை, பேச்சுக்கே இடமில்லை. வேறு கூட்டமென்றால் கட்டிக்கொள்கிற முறை.

ஆஷா படியிறங்கி வந்தால், “என்ற மருமக காலேஜுக்குக் கெளம்பீட்டா” என்பாள் சாரதாமணி. அவள் மகன் தரணீதரன் தலையைக் குனிந்துகொண்டு பைக்கைத் துடைப்பான். “போதுங் கண்ணு, பெயிண்ட் போயிரும்!” பெரியவர்களே தண்ணீர் ஊற்றி வளர்த்த செடி. அந்தப் பிள்ளைகள் இரண்டும் பார்த்துக்கொண்ட விதம் கேலியில்லை என்று கண்ட நாளில் நிர்மலா டேனியலிடம் சொன்னாள்.

“பொய் சொன்னதுதான் சொன்ன, அவங்க கூட்டத்தையே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?” என்றான் டேனியல்.

ஆஷாவிடம் பேசிப் பார்த்தாள். “அவங்க நல்லவங்கம்மா. நெசத்தைச் சொன்னாப் புரிஞ்சுக்குவாங்க.”

“நல்லவங்கதான் சாமி. நம்ம யாருன்னு தெரியாத வரைக்கும்.”

கிணற்றில் கிடந்த பெண், தண்டவாளத்தில் கிடந்த பையன் என்று பேப்பரில் வருவதையெல்லாம் மகளுக்கு எடுத்துச் சொல்லவேண்டியதில்லை. அவளும் படிக்கிறவள்தான். வீட்டை மாற்றிவிடலாம் என்று முதலிபாளையம் பக்கம் தேடினார்கள். அங்கேயும் முதல் வாசலிலேயே அதே கேள்வி வந்தது.

சாப்பாட்டு பெல் அடிக்கும்போது கோமளா மறுபடி வந்தாள். முகத்தில் காலையில் இருந்த கேலி இல்லை.

“அக்கா, பாண்டியம்மா திரும்பக் கூப்புட்டுச்சு. அவரு வந்துட்டாராம். தேங்கா பழமெல்லாம் கொண்டுபோன மாதிரியே திரும்பி வந்திருக்குதாம். சோறும் வேண்டான்னுட்டாராம். ‘நீ கெளம்பு, நாளைக்கு வா’ன்னு பாண்டியம்மாளை அனுப்பிச்சுட்டு கேட்டைப் பூட்டீட்டாங்களாம். என்னக்கா ஆச்சு?”

ஆஷாவுக்குப் பரீட்சை லீவு. மாடியில் தனியாகப் படித்துக்கொண்டிருந்தாள்.

நிர்மலா அவளைக் கூப்பிட்டாள். மணி அடித்து அடித்து நின்றது. மறுபடி கூப்பிட்டாள். பிறகு வேறு கம்பெனியில் இருந்த டேனியலைக் கூப்பிட்டாள். மெஷின் சத்தத்துக்கு மேலே அவன் கத்தினான்: “நான் வர்றேன். நீ தனியா உள்ள போகாத!”

பஸ்ஸில் உட்கார்ந்து வாய்க்குள்ளேயே சொல்லிப் பார்த்துக்கொண்டு வந்தாள். தப்பு என்னுதுங்க. நாந்தானுங்க சொன்னேன். புள்ளைக்கு ஒண்ணும் தெரியாதுங்க. இன்னைக்கே காலி பண்ணீர்றோமுங்க. ஒவ்வொரு ஸ்டாப்பிலும் ஆஷாவின் நம்பரை அழுத்தினாள். பக்கத்து சீட்டு அம்மாள், “போனைச் சார்ஜ்ல போட்டுட்டுத் தூங்கியிருப்பாங்கம்மிணி” என்றாள். நிர்மலா அதை இறுகப் பிடித்துக்கொண்டாள். தூங்கியிருப்பாள். ஆமாம், தூங்கியிருப்பாள்.

பட்டப்பகலில் கேட் உள்பக்கமாகப் பூட்டியிருந்தது. தரணீதரனின் பைக் நிழலில் நின்றது. எப்போதும் தெரு வரைக்கும் கேட்கிற டிவி ஓடவில்லை. மாடிக் கதவு திறந்தபடி கிடந்தது. படிக்கட்டு அடியில் இருக்கவேண்டிய ஆஷாவின் செருப்பு கீழ்வீட்டு வாசலில் கிடந்தது.

“அக்கா! சாரதாக்கா!”

ஜன்னல் திரை லேசாக அசைந்தது. காற்றாகவும் இருக்கலாம்.

கேட்டுக் கம்பியை ஒரு கையால் பிடித்தபடி நிர்மலா மறுபடி நம்பரை அழுத்தினாள். ஆஷா தன் போனில் குருவிச் சத்தம் வைத்திருந்தாள். அது மாடியிலிருந்து வரவில்லை. சாத்திய கதவுக்குப் பின்னால், ஆத்தப்பன் வீட்டு ஹாலிலிருந்து வந்தது. உள்ளே ஆள் இருந்தார்கள். ஒரு நாற்காலி நகர்ந்தது.

குருவி கத்திக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.