நாலு வருஷப் பையன்கள்

அவலூர்பேட்டையிலிருந்து செஞ்சி போகும் காலைப் பேருந்தில் உட்கார இடம் கிடைத்ததும், ஜெயக்கொடி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் கைப்பேசியைக் கண்ணருகில் கொண்டுபோகிறாள். பையன்கள் ஜெயித்தார்களா என்று பார்க்கத்தான். தோற்றிருந்தால் பள்ளிக்கூட வாசல்வரை பேச்சில்லை. பக்கத்தில் உட்காரும் எனக்கு அது பழகிவிட்டது.

அந்தப் பையன்கள் ஓர் இணைய விளையாட்டுக்குள் இருப்பவர்கள். அமெரிக்காவில் ஒரு கற்பனைக் கல்லூரி, அதற்கு ஒரு கூடைப்பந்து அணி, அந்த அணிக்கு இவள் கோச். எதிரணிகளின் கோச்சுகள் மட்டும் எங்கெங்கோ இருக்கும் நிஜ மனிதர்கள். பள்ளி முடிக்கும் பையன்களின் பட்டியல் வரும். கடிதம் போட்டு, போனில் பேசி, வீட்டுக்குப் போய்ப் பார்த்து அவர்களைச் சேர்க்க வேண்டும். எல்லாம் விரல் நுனியில்தான். கெட்டிக்காரர்களைப் பெரிய கல்லூரிகள் அள்ளிக்கொண்டு போய்விடும். ஜெயக்கொடி பட்டியலை அடியிலிருந்துதான் படிப்பாள். "ஆட்டம் இன்னும் கைவரல, ஆனா உழைப்பான்" என்று ஒருவனைக் காட்டுவாள்.

செஞ்சியில் ஒரு தனியார் பள்ளியில் அவள் பி.டி. டீச்சர், நான் தமிழ் டீச்சர். பதினேழு வருஷமாக அவளுடைய பீரியடைக் கணக்கு சார் வாங்கிக்கொள்கிறார். கூடைப்பந்துத் தளத்தில் பள்ளி வேன்கள் நிற்கின்றன. ஆறாவதில் பந்தைத் தொடும் பெண்களை எட்டாவதிலேயே விளையாட வேண்டாமென்று வீட்டில் நிறுத்திவிடுவார்கள். எதற்காக இந்தக் கைப்பேசி விளையாட்டைக் கட்டிக்கொண்டு அழுகிறாய் என்று ஒருமுறை கேட்டேன்.

"இங்க ஒவ்வொரு பையனையும் நாலு வருஷம் முழுசா குடுக்குறாங்கக்கா" என்றாள்.

விளையாட்டில் ஒரு வருஷம் என்பது நமக்கு ஆறு வாரம். டால்பட் என்ற பையனை யாருமே கூப்பிடவில்லை, இவள் கூப்பிட்டாள். சேர்ந்த புதிதில் அவன் நூறு ஃப்ரீ த்ரோ எறிந்தால் முப்பத்தெட்டுதான் கூடையில் விழும். பயிற்சி நேரத்தில் பாதியை அவனுக்கே ஒதுக்கினாள். நாலாவது வருஷம் எண்பத்தொன்று விழுந்தது. ஆட்டம் தொடங்கும்போதே களமிறங்கும் ஐந்து பேரில் ஒருவனானான்.

அந்த வருஷம்தான் கல்லூரி எச்சரிக்கை அனுப்பியது. இன்னும் நான்கு ஆட்டம் ஜெயிக்காவிட்டால் கோச் வேலை போய்விடும். அதே வாரம், வேறு கல்லூரியிலிருந்து ஒரு கெட்டிக்காரன் மாறி வருவதாகச் சொன்னான். ஒரே நிபந்தனை, டால்பட்டின் இடம் அவனுக்கு வேண்டும். சேர்த்துக்கொள்ளடி என்றேன். கம்ப்யூட்டருக்குள் இருக்கிறவன் வருத்தப்படவா போகிறான் என்றும் சொன்னேன்.

"அவனுக்குத் தெரியாதுதான். எனக்குத் தெரியுதே."

வந்தவனை வேண்டாமென்று சொல்லிவிட்டாள். அதன் பிறகு ஜெயித்தது இரண்டே ஆட்டம். கடைசி ஆட்டத்தில் டால்பட் இருபத்திரண்டு புள்ளி எடுத்தான். அதிலும் தோல்விதான்.

போன செவ்வாய்க்கிழமை பேருந்தில் செய்தி வந்தது. "தூக்கிட்டாங்க" என்று சொல்லிக் கைப்பேசியைப் பைக்குள் போட்டாள். இவள் சேர்த்து வளர்த்த மற்ற பையன்களெல்லாம் இனி யாரோ ஒரு புது கோச்சுக்கு. செஞ்சி வரும்வரை கண்ணை மூடிக்கொண்டிருந்தாள், தூங்கவில்லை. அன்றைக்குப் பார்த்து லீவு போட்ட இரண்டு பேரின் வகுப்புகளையும் இவள் தலையில் கட்டியிருந்தார்கள். முழங்கால் வலியோடு மாடி ஏறி இறங்கினாள். இனி இந்த விளையாட்டை விட்டுவிடுவாள் என்றுதான் நினைத்தேன்.

மத்தியானம் சாப்பிடும்போது, விளையாட்டில் கோச் வேலைக்கான காலியிடப் பட்டியலைத் திறந்தாள். நான்கு இடத்துக்கு விண்ணப்பித்தாள். மூன்று கல்லூரிகள் உடனே மறுத்துவிட்டன. எடுத்துக்கொண்டது, போன வருஷம் ஒரே ஓர் ஆட்டம் ஜெயித்த கல்லூரி.

"இன்னா பண்றது, இதான் கெடச்சுது."

டிபன் பாக்ஸைத் தள்ளி வைத்துவிட்டு, பழைய வினாத்தாள் ஒன்றின் பின்பக்கத்தில் அங்கிருந்த பதினான்கு பையன்களின் பெயர்களையும் தமிழில் எழுதத் தொடங்கினாள். மூன்றாவது பெயரில் பேனா நின்றது. கைப்பேசியை என் பக்கம் திருப்பி, இதை எப்படிச் சொல்ல வேண்டும் என்று கேட்டாள். எனக்குத் தெரிந்தபடி சொன்னேன். இரண்டு தரம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துவிட்டு எழுதிக்கொண்டாள்.