கேபினுக்கும் பாடிக்கும் நடுவில்

அந்த வருஷங்களில் எங்கள் பக்கத்தில் இட ஒதுக்கீட்டுப் போராட்டம் என்றால் பஸ் ஓடாது. போராட்டம் எங்கள் சாதிக்காகத்தான். நானும் கூட்டங்களுக்குப் போய்க் கை தட்டியவன். கல்வராயன் மலையில் எனக்கு வாத்தியார் வேலை. மகளுக்குச் சங்கராபுரத்தில் தட்டச்சுத் தேர்வு. அன்று காலை அடிவாரத்தில் சாலையை மறித்துவிட்டார்கள். பிள்ளைகளின் படிப்புக்காக நடந்த மறியல் என் பிள்ளையின் தேர்வுக்குக் குறுக்கே உட்கார்ந்திருந்தது.

மரவள்ளிக் கிழங்கு ஏற்றிய பிக்கப் ஒன்று காட்டுப் பாதையில் இறங்கப் போவதாகச் சொன்னார்கள். ஓட்டுநர் கீழே எங்கள் ஊர்க் காலனிக்காரர். என் வயதுதான் இருக்கும். நான் அவரை 'நீ' என்பேன், அவர் என்னை 'சார்' என்பார். அது எனக்கு உறுத்தியதே இல்லை.

முன்னால் அவரைத் தவிர ஒருவர்தான் உட்காரலாம்.

"பாப்பா முன்னாடி ஏறட்டும் சார். நீங்க பின்னாடி மூட்டை மேல குந்திக்கங்க. வழி மோசம்."

"வேணாம்பா. அது பின்னாடி நின்னுக்கும்."

வயசுப் பெண் அவர் பக்கத்தில் உட்கார்ந்து போனால் பார்க்கிறவர்கள் என்ன சொல்வார்கள் என்பதுதான் என் கவலை. அவர் எந்தத் தெருக்காரர் என்பதும் அந்தக் கவலைக்குள் இருந்தது. அவருக்குப் புரியாமல் இருந்திருக்காது. பின்னால் போய், கேபினின் முதுகுக்கும் சரக்கு ஏற்றும் பாடியின் முன்தகட்டுக்கும் நடுவில் இருந்த இடுக்கை மகளுக்குக் காட்டினார். மூன்று விரல் அகலம்.

"இந்தத் தகட்டப் புடிக்காத பாப்பா, கை மாட்டிக்கும். சைடு கம்பியப் புடிச்சிக்க."

"இரும்பு எங்கப்பா நகரும்?" என்றேன்.

"அடியில இருக்கிற சேஸ் சட்டம் முறுக்கும் சார். ஒரு சக்கரம் பள்ளத்துல, ஒரு சக்கரம் கல்லு மேலன்னா கேபின் ஒரு பக்கம் சாயும், பாடி ஒரு பக்கம் சாயும்."

"ஆடுதுன்னா போல்ட்ட முடுக்க வேண்டியதுதான?"

"முடுக்குனா சேஸே வுட்டுக்கும் சார். முறுக்குறதாலதான் ஒடையாம ஓடிக்கினு கீது."

படித்த எனக்கு அது பழைய வண்டியை மறைக்கும் பேச்சாகத் தோன்றியது. அவர் ஏறியதும் மகளிடம் மெல்லச் சொன்னேன்: "ஓரத்துக்குப் போகாத, விழுந்துடுவ. இந்தத் தகட்டையே புடிச்சிக்க. நான் முன்னாடி உக்காந்து பின்கண்ணாடி வழியா பாத்துக்கினே வரேன்."

பார்த்துக்கொண்டேதான் வந்தேன். மழை அறுத்த ஓடையில் வண்டி இறங்கியது. என் பக்கம் முன்சக்கரம் பாறையில் ஏற, பின்சக்கரம் பள்ளத்தில் போனது. கேபின் பின்னுக்குச் சாய்ந்தது. கண்ணாடிக்கு அந்தப் புறம் தகடு என்னை நோக்கி வந்தது. அவள் வாய் திறந்தது. சத்தம் பிறகுதான் கேட்டது.

"நிறுத்து, நிறுத்து" என்று ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்துக்கொண்டேன்.

"நிறுத்துனா கை உள்ளயே இருக்கும் சார். வுடுங்க. வண்டி நகந்தாதான் தொறக்கும்."

நான் விடவில்லை. அவர் என் கையை அடித்துத் தள்ளிவிட்டு வண்டியைப் பின்னால் எடுத்தார். இடுக்கு திறந்தது. எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தேன் என்று இன்றும் கணக்குப் போடுகிறேன். சில நாள் ஐந்து நொடி என்று வருகிறது, சில நாள் ஒரு நிமிஷம்.

வலது கையில் இரண்டு விரல்கள். அவர் தன் துண்டைக் கிழித்துக் கட்டினார். பிறகு என்னைக் கேட்காமலே அவளை முன்சீட்டில் உட்கார வைத்தார். நான் பின்னால் ஏறினேன்.

சங்கராபுரம் ஆஸ்பத்திரி வரைக்கும் அவள் அவர் பக்கத்தில்தான் உட்கார்ந்து போனாள். வழியில் பார்த்தவர்கள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. தேர்வு தொடங்கும் நேரத்தில் அவளுக்கு மாவுக்கட்டு போட்டுக்கொண்டிருந்தார்கள். அந்த விரல்கள் பிறகு முழுதாக மடங்கவே இல்லை.

அன்று வழியில், ஓடையைத் தாண்டியதுமே அவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி என்னைப் பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் தேவலாம்.

"சார், அந்தத் தகட்ட வுட்டுட்டு சைடு கம்பியப் புடிங்க."

அப்போதுதான் குனிந்து என் கைகளைப் பார்த்தேன்.