காற்றுப் பெட்டிக்குள் ஏழு நட்டுகள்

வெர்லா பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். நாலு பேர் கூடினால் பேச்சில் சேராமல் காபிப் பானைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொள்வாள். ஆனால் அவள் கண்ணில் படாமல் எதுவும் நடக்காது.

கணவர் டெல்மர் வீட்டுக் கொட்டகையில் சொந்தமாக விமானம் கட்டினார். இறக்கைத் தகட்டுக்கு அவர் ஒரு பக்கம் ஆணியறைய, மறுபக்கம் இரும்புக் கட்டியை அழுத்திப் பிடித்தவள் அவள்தான். அமெரிக்காவின் விஸ்கான்சின் குளிர்காலங்கள் அப்படியே கழிந்தன.

"பேழை கட்டின நோவாகூட இத்தனை நாள் எடுத்துக்கலடா. அவனுக்கு மழையாவது வந்துச்சு," என்பான் பக்கத்துக் கொட்டகை கோர்டி.

எஞ்சினுக்குக் காற்று போகும் பெட்டிதான் வம்பு செய்தது. பொருந்தவில்லை என்று டெல்மர் அதை மாட்டுவார், கழற்றுவார், அரத்தால் ராவுவார், மறுபடி மாட்டுவார். ஒவ்வொரு முறையும் அதே ஏழு நட்டுகள். அவற்றுக்குள் இருக்கும் நைலான் வளையம்தான் திருகாணியைக் கவ்விப் பிடிக்க வேண்டும்; பலமுறை கழற்றினால் அது தேய்ந்துவிடும். கடைசி முறை, முறுக்குச் சாவியே இல்லாமல், வெறும் விரலால் அவர் நட்டைக் கடைசிவரை சுழற்றியதை வெர்லா பார்த்தாள். ஏழும் காற்று வடிகட்டியைத் தாண்டி உள்பக்கம் இருந்தன. ஒன்று கழன்றாலும் நேரே எஞ்சினுக்குள் போகும்.

"புது நட்டு வாங்கிட்டு வந்திருக்கேன், டெல்மர்."

"நல்லா முறுக்கியாச்சு. ஆரஞ்சுக் கோடும் போட்டாச்சு. கோடு உடையாத வரைக்கும் நட்டு அசையலேன்னு அர்த்தம்."

"விரலாலேயே போச்சே."

"என் விரல் அப்படி!"

கோர்டி விழுந்து விழுந்து சிரித்தான். வெர்லா நட்டுப் பொட்டலத்தைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டாள்.

சனிக்கிழமை டெல்மர் பறந்தார். சோள வயல்களைச் சுற்றிவிட்டுப் பத்திரமாக இறங்கினார். எல்லோரும் கைதட்டினார்கள். கோர்டி பான்கேக் சுட்டான்.

எல்லோரும் போன பிறகு வெர்லாவே வடிகட்டியைக் கழற்றி உள்ளே விளக்கடித்தாள். மூன்று நட்டுகளில் கோடு இரண்டாகப் பிளந்து விலகியிருந்தது.

"டெல்மர், வந்து பாரு."

அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். சிரிக்கவில்லை.

"நட்டை மாத்தப் பெட்டியை எடுக்கணும்னா விமானத்தோட மூக்கு முழுக்கப் பிரிக்கணும். அதுக்குள்ள பனி வந்துடும்."

"வரட்டும். வசந்தத்துல பறந்துக்கோ."

"வசந்தத்துல என் கண்ணு இருக்காது வெர்லா. டாக்டர் சொல்லிட்டான். உங்கிட்டதான் சொல்லல."

வாங்கி வந்த நட்டுப் பொட்டலம் அவள் சட்டைப் பையிலேயே இருந்தது. அவள் அதை எடுத்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை. வடிகட்டித் துளை வழியே நீளச் சாவியை விட்டு மூன்றையும் இறுக்கினார். பிறகு ஆரஞ்சுச் சாயக் குப்பியைத் திறந்து, உடைந்த கோட்டின் மேலேயே புதுக் கோடு இழுக்கப் பார்த்தார். தூரிகை நட்டைத் தொடாமல் பக்கத்தில் போனது.

"விளக்கைக் கொஞ்சம் கிட்ட பிடி," என்றார்.

வேண்டாம் என்று அவள் சொல்லியிருக்கலாம். சொன்னால் கோட்டை இருட்டிலேயே போடுவார். கிட்டப் பிடித்தாள்.