வாசலுக்கு முதுகைக் கொடுத்து இருந்த அக்கா

அக்காவின் முப்பத்தோராம் நாளில் இந்த நினைவு மலரைக் கையில் எடுத்திருக்கும் உறவினர்களே, நண்பர்களே, அக்கா நோயுற்று அமைதியாகக் கண்மூடினார் என்று எழுதும்படி பெரியவர்கள் சொன்னார்கள். என்னால் முடியவில்லை. அக்காவை அடித்துத்தான் கொன்றார்கள். அடித்ததற்கும் இறந்ததற்கும் இடையில் சில வருடங்கள் போய்விட்டன, அவ்வளவுதான்.

அக்கா பிறந்தது கிளிநொச்சியில். செல் குண்டு விழுந்து அம்மா சிதறியபோது என்னைத் தூக்கிக்கொண்டு ஓடியவர் அவர். புத்தளத்துக்கு வந்து சேர்ந்த பின் அப்பா வட்டிக்கு வாங்கிக் கடை போட்டார். கடை படுத்தது. வட்டிக்காரனின் ஆட்கள் அப்பாவை முற்றத்தில் போட்டு மிதித்தார்கள். அதன் பிறகு அப்பா எங்களோடு கதைக்கும்போதும் வாசல் படலையைப் பார்த்துக்கொண்டுதான் கதைப்பார். அக்கா சட்டம் படித்ததற்கு வேறு காரணம் தேட வேண்டாம்.

புத்தளத்துக்குப் பக்கத்தில், பாலாவியில் எங்கள் வீட்டு முன்னறைதான் அக்காவின் அலுவலகம். வங்குரோத்து வழக்குகளே அதிகம். கடனை அடைக்க வழியில்லாதவர்களுக்கு நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கேட்கும் வேலை. வருகிறவர்கள் பாதியை மறைப்பார்கள். அக்கா எடுத்தவுடன் கடனைப் பற்றிக் கேட்கமாட்டார். வாசல் தெரியும் கதிரையில் அவர்களை இருத்திவிட்டு, தான் வாசலுக்கு முதுகைக் கொடுத்து இருப்பார்.

“உனக்கென்ன விசரோ அக்கா? ஆரும் வந்தா உனக்குத் தெரியுமோ?” என்று நான் சண்டை பிடிப்பேன்.

“அவைக்குத் தெரியும்தானே. அடி வாங்கின மனுசர் வாசலைப் பாக்கேலாத இடத்தில இருந்து உண்மை கதைக்காயினம். நான் இப்பிடி இருந்தாத்தான் நான் அவையை நம்புறன் எண்டு அவைக்கு விளங்கும்.”

ஒருநாள் பகலில் ஒருவர் அந்தக் கதிரையில் இருந்தார். நான் குசினியில் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தேன். வீதியில் போன லொறிகளின் இரைச்சலில் காலடி கேட்கவில்லை. வந்தவர்கள் மூன்று பேர். அக்கா வேறொரு குடும்பத்துக்குப் பாதுகாப்பு வாங்கிக் கொடுத்த ஆத்திரத்தில் வந்தவர்கள். கதிரையில் இருந்தவர் அவர்களைக் கண்டார். ஒரு சொல் சொல்லியிருக்கலாம். என்னை இடித்துத் தள்ளிக்கொண்டு குசினி வழியாக ஓடினார்.

இரும்புக் கம்பி அக்காவின் பிடரியில் இறங்கியது. விழுந்தவரின் வலது கையை வாசற்படியில் வைத்து மிதித்து முறித்தார்கள். நான் குசினிக் கத்தியோடு பாய்ந்தேன். முதல் அடியிலேயே நெற்றி பிளந்து கண்ணெல்லாம் இரத்தம். ஒரு முகமும் எனக்குத் தெரியவில்லை. மூவரையும் கண்டவர் ஓடிப்போன அந்த ஒருவர்தான்.

ஆஸ்பத்திரிக்குப் பொலிஸ் வந்து, கதிரையில் இருந்தது யார் என்று கேட்டது.

“என்னட்ட வழக்குக் குடுத்தவர், என்ட கட்சிக்காரர். பேர் சொல்லேலாது,” என்றார் அக்கா.

நான் வாயைத் திறந்தேன். அக்கா இடது கையால் என் மணிக்கட்டை இறுக்கினார். பொலிஸ் போனதும் நான் கத்தினேன். “அந்த நாய் உன்னைச் சாகவிட்டிட்டு ஓடினது.”

“ஓம், ஓடினவர்தான். பயந்த ஆக்கள்தானே என்னட்ட வருவினம். பேர் வெளியில வந்தா அவரை வெட்டிப் போடுவாங்கள். நீ சொன்னியெண்டா எனக்குத் தம்பி இல்லை.”

அடித்தவர்கள் பிடிபடவேயில்லை. மோட்டார் சைக்கிள்கள் எங்கள் வீட்டைத் தாண்டும்போது மெதுவாகப் போகும். ஒரு காலை எங்கள் நாய் கழுத்து அறுபட்டுப் படலையில் தொங்கியது. அக்கா கோணிய கையோடு பழையபடி அதே இடத்தில், வாசலுக்கு முதுகைக் கொடுத்தே இருந்தார். ஓடியவரின் வழக்கையும் முடித்துக் கொடுத்தார். அவர் வந்த நாட்களில் நான் தேத்தண்ணி கொடுக்கவில்லை.

கடந்த மாதம் தலைக்குள் இரத்தம் கசிந்து அக்கா போய்விட்டார். பழைய அடிதான் காரணம் என்று அறுதியாகச் சொல்ல இயலாது என்றார் வைத்தியர். எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. அக்கா போனதோடு, பெயரைச் சொல்லாமல் அவருக்காக நான் காத்த வாக்கும் போனது, இம்மலரில் அவன் பெயரைப் போட்டே தீருவேன் என்று சுடலையில் நின்று நினைத்துக்கொண்டேன்.

அங்கேயே, அன்று ஓடியவர் என்னிடம் வந்தார்.

“தம்பி, மலர் அடிப்பீங்கள்தானே. மிஸ்ஸை விட்டிட்டு ஓடினது நான்தான் எண்டு பேரைப் போட்டு எழுதுங்கோ. நான் கண்ட மூண்டு பேரின்ட பேரையும் தாறன்.”

“அவங்கள் வெளியிலதான் திரியிறாங்கள். உங்களை விடாங்கள்.”

“தெரியும்.”

அவரை அங்கேயே அடித்து விழுத்த எனக்கு ஆத்திரம் இருந்தது. “பேர் ஒண்டும் வராது, வீட்ட போங்கோ,” என்று மட்டும் சொன்னேன்.

அக்காவைக் காப்பாற்றப் போராடிய வைத்தியர்களுக்கும் தாதியருக்கும், பந்தல் போட்டவர்களுக்கும், அடுப்பு மூட்டாத எங்கள் வீட்டுக்கு மூன்று வேளையும் சோறு அனுப்பிய முஸ்லிம் அயலவர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டுள்ளது. உதவிய எல்லோருடைய பெயரும் அடுத்த பக்கத்தில் உள்ளது. அக்காவின் பாடைக்கு முன்பக்கம் தோள் கொடுத்த ஒருவரின் பெயரை மட்டும் நான் விட்டிருக்கிறேன். அவரை நான் மன்னிக்கவில்லை. ஆனால் அவர் அக்காவின் கட்சிக்காரர்.