பீப்பாய்க்குத் தீனி

“இன்னிக்கி தானாவே எரியும் பாரு,” என்றார் பஷீர் அஹமது, பீப்பாய் மூடியைச் சுற்றிக் களிமண் பூசிக்கொண்டே.

“நேத்தும் இதத்தான் சொன்னீங்க,” என்றாள் அவர் மனைவி தில்ஷாத்.

“நேத்து மூடி ஒழுகிருச்சி.”

“முந்தாநேத்து?”

“வெறகு ஈரம்.”

“எரிஞ்சா உங்க மூள, அணைஞ்சா வெறகு மேல பழி. நடத்துங்க, நடத்துங்க.”

ஓசூரில் பெங்களூர் சாலையோரம் பழைய சாமான் கடை அவருடையது. பிளாஸ்டிக் சீப்பு இப்போதுதான் சந்தைக்கு வந்திருக்கிறது. அதற்குள் பெங்களூர் சீப்புக் கம்பெனியின் கழிவு அவர் கடையில் மலையாகிவிட்டது. உடைந்த சீப்பைக் காதருகே வைத்து ஒடித்துப் பார்ப்பார். ‘டிக்’கென்று சத்தம் வந்தால்தான் எடுப்பார்; அந்த ரகம்தான் நன்றாக எண்ணெய் விடும் என்பது அவர் கணக்கு. தார் பீப்பாயில் அடைத்து, காற்றுப் புகாமல் மூடி, கீழே தீ மூட்டுவார். உள்ளே உருகி ஆவியானது, தண்ணீர்த் தொட்டிக்குள் போகும் குழாய் வழியே மஞ்சள் எண்ணெயாகச் சொட்டும். அவருக்கு அது போதாது. அந்த எண்ணெயே பீப்பாயைச் சுட வேண்டும். ஜவளகிரி விறகு வண்டிக்காகக் காத்திருக்கக் கூடாது.

தாடியின் இடப்பக்கம் எப்போதும் கருகியிருக்கும். தீ தணிந்தால் கன்னடத்தில் திட்டுவார். “தமிழ்ல சொன்னா மதிக்க மாட்டேங்குது.”

எண்ணெய் எரிவதென்னவோ உண்மை. ஆனால் சீப்புகள் பாதி உருகுமுன்பே அது தீர்ந்துவிடும். ஒரு வெள்ளிக்கிழமை அவர் பள்ளிவாசலுக்குப் போயிருந்தபோது தீ சுருங்குவதைக் கண்ட தில்ஷாத், சமையல் விறகில் கொஞ்சம் எடுத்துச் செருகினாள். திரும்பி வந்தவர் குழாயடியில் விரலை நீட்டி, சொட்டிய எண்ணெயை அவளிடம் காட்டினார்.

“பாத்தியா! நான் இல்லாமலே நடக்குது!”

அதற்குமேல் விறகு வைத்ததை அவளால் சொல்ல முடியவில்லை. அவர் தொழப்போகும் வேளையெல்லாம் விறகைச் செருகினாள்.

சேதி கம்பெனி முதலாளி கங்கப்பன்வரை போயிற்று. அவர் நேரில் வந்து பார்ப்பதாகச் சொல்லியனுப்பினார். சொந்த எண்ணெயிலேயே பீப்பாய் கடைசிவரை எரிந்தால் இனி கழிவு முழுவதும் பஷீருக்கு. இல்லாவிட்டால் செங்கல் சூளைக்காரர் அள்ளிக்கொண்டு போவார்.

அவர் வருவதற்கு முந்தைய சாயங்காலம், பீப்பாயருகே கிடந்த விறகையெல்லாம் பஷீரே சுமந்துபோய்ச் சமையலறையில் அடுக்கினார். கையில் ஏறிய சிராயைப் பல்லால் பிடுங்கித் துப்பினார்.

“நான் ஒக்காந்திருந்தா அணையுது, தொழப் போனா எரியுது. எனக்குத் தெரியாதா, தில்ஷாத்? நாளைக்கி ஒரு நாளு நீ வெறகு வெக்காத. அணைஞ்சா அணையட்டும்.”