தகவல் தந்தவர் ஒன்று

தொண்ணூறுகளில் சென்னையில் மானிடவியல் எம்.ஏ. படித்தபோது, ஆய்வேட்டுக்கு எங்கள் ஊரான அடி அண்ணாமலையையே எடுத்துக்கொண்டேன். பிறந்து வளர்ந்த ஊரில் எனக்குத் தெரியாதது என்ன இருக்கிறது என்ற திமிர். கிரிவலப் பாதையில் இருக்கும் வீடுகள் பௌர்ணமிதோறும் என்னென்ன செய்கின்றன, ஏன் செய்கின்றன என்று ஒரே வாரத்தில் எழுதி நீட்டினேன்.

பேராசிரியர் பக்கத்துக்குப் பக்கம் சிவப்பு மையில் ஒரே கேள்வியைத்தான் எழுதியிருந்தார்: "யார் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை. எந்த வீட்டில் கேட்டாலும், "உனக்குத் தெரியாததா?" என்று சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, பதிலை நானே எழுதிக்கொண்டு வந்திருந்தேன்.

"சொந்த ஊரு உங்களுக்கு ஒத்து வராதும்மா. ஒரு மாசத்துல திருத்தலைன்னா ஏத்துக்க முடியாது," என்றார். ஏற்காவிட்டால் பட்டம் இல்லை. வந்த ஆத்திரத்தில் அன்றைக்கே பஸ் ஏறினேன்.

மறுநாள் பௌர்ணமி. அம்மா வாசலில் தண்ணீர்ப் பானையை வைத்துக்கொண்டிருந்தாள். புண்ணியத்துக்காக வைக்கிறார்கள் என்று என் ஏட்டில் எழுதியிருந்த அதே பானை. நோட்டைத் திறந்து, ஊருக்குப் புதியவளைப் போலக் கேட்டேன்.

"எதுக்கும்மா இந்தப் பானை?"

"படிக்கப் போயி எல்லாத்தையும் மறந்துட்டியா?"

"மறந்துட்டேன். சொல்லு."

அம்மா குரலைத் தாழ்த்தினாள். "கையில குடுத்தா, நீங்க என்ன ஆளுங்கன்னு கேக்கத் தோணும். வெளியவே வெச்சுட்டா யாரோ மொண்டு குடிச்சிட்டுப் போறாங்க. நாம கேக்க வேணாம், அவங்க சொல்ல வேணாம்."

வெட்கமாகப் போய்விட்டது. பௌர்ணமிதோறும் அந்தப் பானையைத் தாண்டித்தான் பள்ளிக்கூடம் போயிருக்கிறேன். அப்புறம் ஒரு வீடு விடாமல் கேட்டேன். சிலர் புண்ணியம் என்றார்கள், பலர் அம்மா சொன்னதையே சுற்றி வளைத்துச் சொன்னார்கள்.

வாய்மொழித் தேர்வில், வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர், பானையைப் பற்றி நான் திருத்தி எழுதிய பக்கத்தைத்தான் பிரித்தார்.

"இது யார் சொன்னது?"

"தகவல் தந்தவர் ஒன்று, சார்." எங்கள் துறையில் பெயர் போடுவதில்லை, எண்தான். பேராசிரியர் முதல்முறையாக என்னைப் பார்த்துச் சிரித்தார். முதல் வகுப்பு! பல்கலைக்கழகப் படிகளை இரண்டிரண்டாகத் தாவி இறங்கினேன்.

வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன்.

"நான் சொன்னது அப்படியே இருக்குதே! யாரு அந்த ஒண்ணு?"

"நீதாம்மா."

பெயரை வெளியில் சொல்லக்கூடாது என்று நான் வாயெடுப்பதற்குள், அம்மா வேலியோரம் போய்ப் பக்கத்து வீட்டு அக்காவிடம் அறிவித்துவிட்டாள்: "ஒண்ணு நான்தான்டி. நீ ரெண்டோ மூணோ!"