சின்னத் திருடர்கள் வராத சமையற்கட்டு

திருத்தணிப் பையன்கள் எல்லாம் திருந்திவிட்டார்கள் என்று ஒரு வதந்தி கிளம்பியது. அதைக் கேட்டுக் கலங்கிப்போனவள் நிர்மலா ஒருத்திதான். குற்றம் செய்து பிடிபடும் சிறுவர்களை வைத்திருக்கும் கூர்நோக்கு இல்லத்தில் அவள் சமையல்காரி. அங்கே தலைகள் குறைந்துகொண்டே வந்தன. பெரிய அண்டா கவிழ்த்து வைத்தபடியே கிடந்தது. இரண்டு சமையல்காரிகளில் ஒருத்தி போதும் என்று மேலிடத்தில் பேச்சு.

ஊர் உருப்படட்டும். அதற்காக அவள் வயிற்றில் அடித்தா உருப்பட வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை இருப்புக்கொள்ளாமல் கிளம்பி, பஸ் நிலையத்துக் காவல் உதவி மையத்தில் ஏட்டு கோதண்டத்தின் முன் போய் நின்றாள்.

"இன்னா சார், நம்மூர்ல திருடனுங்களே இல்லியா?"

"ஆங், எல்லாம் சாமியாராப் பூட்டானுங்க," என்றார் கோதண்டம். "சின்னக் கேஸுக்கு அனுப்பக் கூடாதுன்னுட்டாங்கக்கா. பெத்தவங்கள வரச் சொல்லி, மெரட்டி அனுப்பிடறோம். வெட்டு, குத்துன்னு வரவன்தான் உங்ககிட்ட வர்றான். அவன் லேசுல வெளிய வரமாட்டான்."

அது அவளுக்கும் தெரிந்ததுதான். முன்பெல்லாம் செல்போன் திருடிய பையன்கள் அப்பளத்துக்குச் சண்டை போடுவார்கள். இப்போது இருப்பவர்கள் தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருக்கிறார்கள்.

பெஞ்சில் வளவன் என்றொரு பையன் இருந்தான். அம்மையார்குப்பம். மொட்டை போட உட்கார்ந்த பக்தரின் செல்போனைத் தூக்கியவன். அம்மா வசந்திக்கு விசைத்தறியில் ஷிப்டு, முதலாளி விடவில்லை.

"சாயந்தரத்துக்குள்ள யாரும் வரலன்னா அனுப்பிட வேண்டியதுதான்," என்று கோதண்டம் சோம்பல் முறித்தார். "உனக்கும் ஒரு தட்டு கூடும்க்கா."

நிர்மலாவுக்கு உள்ளுக்குள் நிம்மதியாக இருந்தது. அப்படி இருந்ததே அவளைச் சுட்டது.

"அங்க சோறு நல்லா இருக்குமா ஆன்ட்டி?" என்று கேட்டான் பையன்.

அவள் கைச்சமையலை இதுவரை ஒருத்தரும் குறை சொன்னதில்லை.

"வாயில வெக்க முடியாது," என்றாள். "உப்பு இருந்தா புளி இருக்காது. ஆக்கறவளுக்கு ஒரு எழவும் தெரியாது. ஏந்துரு, வூட்டுக்குப் போலாம்."

பையனைப் பொறுப்பேற்று அழைத்துப் போகிறவர் கையெழுத்துப் போடும் தாளைக் கோதண்டம் நீட்டினார். "ஏன்க்கா, உன் பொழப்புல நீயே மண்ணப் போட்டுக்கற?"

"எப்டியும் யாரோ போடப் போறாங்க சார்," என்று கையெழுத்துப் போட்டாள்.

டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு இலவசம். பையனுக்கு டிக்கெட் உண்டு; அதை அவளே எடுத்தாள். குதித்து ஓடிவிடுவானோ என்று வழி முழுக்க அவன் சட்டை நுனியைப் பிடித்தபடி போனாள். தறிக்கூட வாசலில் வசந்தி மகன் முதுகில் ஒன்று வைத்தாள்; பிறகு அழுதாள். "கூலி வந்ததும் டிக்கெட் காசு குடுத்துடறேங்க்கா."

அடுத்த மாதம், ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தால் போதும் என்று நிர்மலாவிடம் சொல்லிவிட்டார்கள். வேலையில்லாத நாளில் அவளுக்கு வீட்டில் கால் தங்குவதில்லை. பஸ் நிலையம்வரை போவதும் வருவதுமாக இருக்கிறாள். அங்கே எப்போதாவது வசந்தி எதிர்ப்பட்டால், இவள் வாயைத் திறக்குமுன் அவள் சொல்லிவிடுகிறாள்:

"அடுத்த வாரம் கண்டிப்பா குடுத்துடறேங்க்கா."